தூரைக் காட்டுங்க அண்ணே

பூரிக்கட்டை செய்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறேன், ஆனால் இதுவரை ஒரு கட்டை செய்ததில்லை. அந்தக் கட்டை எந்தத் தோட்டத்தில் மரமாக நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைக்கிற அக்கா தங்கச்சிமாரே, கணக்கெடுப்போ குழுக்கடனோ, உங்கள் பாடு எனக்குத் தெரியும். நீங்களாவது உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் போகிறீர்கள். நான் வெட்டிச் சாய்த்த மரத்தைத் தேடிப் போகிறேன். பால்வாடியில் “உங்கம்மா எங்க?” என்று கேட்டால் என் மகள், “மரம் காணாமப் போச்சு, தேடப் போயிருக்காங்க” என்கிறாளாம்.

கப்பலூரில் எங்கள் பட்டறை. வேப்பமரத்தில் பூரிக்கட்டை, கரண்டி, காய் நறுக்கும் பலகை செய்கிறோம். எல்லாம் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போகிறது. காட்டு மரம், கண்மாய் மரம், ரோட்டோர மரம் கூடாது, சொந்தத் தோட்டத்து மரமாக இருக்கணும், சொந்தக்காரர் சம்மதித்து விற்றதாக இருக்கணும் என்று கடைக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்குச் சாட்சி தூர், அதாவது அறுத்தபிறகு மண்ணில் நிற்கிற அடிக்கட்டை. அதன் பக்கத்தில் சொந்தக்காரரை நிறுத்தி நான் போட்டோ எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து கடையின் ஆடிட் மேடம் வருகிறார் என்று திங்கட்கிழமை சொன்னார்கள். ஒரு மரத்தில் பொய் தெரிந்தாலும் மொத்த ஆர்டரும் போகும். ஆர்டர் போனால் மிசின் நிற்கும், என்னோடு சேர்த்து அங்கே இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்கூட்டியை எடுத்தேன்.

வெள்ளைச் சட்டை

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர். “மரம் வித்தீங்களாய்யா?” என்று நான் கேட்டு முடிக்குமுன், “எந்த மரம்? எங்கிட்ட மரமே கிடையாது” என்று கதவைச் சாத்தப் போனார். நான் சர்க்கார் ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லைய்யா, கம்பெனி, போட்டோ என்று விளக்கினேன். உள்ளே போனவர் போனவர்தான். குசுகுசுவென்று பேச்சு மட்டும் கேட்டது. ஆள் திரட்டுகிறாரா, கொல்லைப் பக்கமாக நழுவிவிட்டாரா என்று தெரியாமல் வெயிலில் நின்றேன்.

வெளியே வந்தவரைப் பார்த்தால் தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. என்னைத் தாண்டி நேரே தோட்டத்துக்கு நடந்து, தூர் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

“என் கல்யாணத்துக்கே போட்டோப் பிடிக்க ஆளு வரல தாயி, வெட்டுன வேம்புக்கு வந்துருக்க. மீசை தெரியுற மாதிரி எடு.”

வரப்பு

வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தம்பி தோட்டங்களுக்கு நடுவில் நின்ற மரம். அண்ணன் விற்றிருக்கிறார். வரப்பில் நின்ற மரமாயிற்றே என்று, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டேன்: “தம்பிக்கும் சம்மதந்தானே?” அதைக் கேட்காமலே வந்திருக்கலாம். தம்பி மம்பட்டியோடு வந்துவிட்டார். “எனக்குத் தெரியாம எப்படி வித்த?” “நட்டது யாருடா?” “தண்ணி ஊத்துனது யாரு?” இருவர் கழுத்திலும் நரம்பு புடைத்துவிட்டது. தம்பி கையில் இருந்த மம்பட்டியை விட்டு என் கண் நகரவே இல்லை.

கடைசியில் தம்பி சம்சாரம் வந்து மம்பட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டார். தம்பி மூச்சு வாங்கி, “வித்தது வித்ததுதான், ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கணும்” என்றார். அண்ணன் தரையைப் பார்த்தபடி, “இப்பக் கேக்குறேன்டா” என்றார். இரண்டு பேரையும் தூருக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி எடுத்தேன். சிரிக்கச் சொல்லவில்லை.

அந்தம்மா என்னை வண்டி வரை கொண்டுவந்து விட்டுச் சொன்னார்: “இம்புட்டு நாளா ரெண்டு பேரும் அந்த நெழல்லதான் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க. நீ கேட்டதுக்கப்புறந்தான் அது யாரு மரங்குற கேள்வியே வந்துச்சு.”

சூளை

நம் பக்கத்தில் தூரை யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. தோண்டி எடுத்தால் நல்ல விறகு. சென்னையில் உட்கார்ந்து சட்டம் போட்டவர்களுக்கு இது தெரியவில்லை. அடுத்த தோட்டத்துக்குப் போனால் வெறும் குழிதான் இருக்கிறது. தூர் செங்கல் சூளைக்குப் போய்விட்டதாம். அங்கேயும் விரட்டிப் போனேன். சூளைக்காரர் எரிகிற அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் திரும்பி வந்து, தோட்டக்காரரைக் குழிக்குள் இறங்கி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். மேடம் இதை ஏற்பாரோ மாட்டாரோ.

ஆனால் சூளைக்காரர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது: “தாயி, நீ கேக்குற தூரு நேத்தே செங்கலாப் போச்சு.”

கண்மாய்க் கரை

கடைசி லோடு, மரவியாபாரி பாண்டி அண்ணன் கொண்டுவந்தது. “என் மச்சினன் தோட்டத்து மரந்தான் தங்கச்சி” என்று சொல்லியிருந்தார். அவரோடு போனேன். தோட்டத்தில் தூரும் இல்லை, குழியும் இல்லை. “தூரைக் காட்டுங்க அண்ணே” என்றேன். “இங்கதான்... அந்தா...” என்று இழுத்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, கோலை நீட்டிக் கண்மாய்க் கரையைக் காட்டினார். அங்கே முள்ளைப் போட்டு மூடி, மேலே சேறு பூசி, புதிதாக அறுத்த மூன்று தூர்கள்.

பாண்டி அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “கண்மாய் மரம், யாரு கேக்கப் போறா? பக்கத்துத் தோட்டத்துல ஒரு பழைய தூரு கெடக்கு. மச்சினன நிப்பாட்டுறேன், எடுத்துரு. நீயும் புள்ளைக்காரி, ஒன் வேலையும் இதுலதான இருக்கு.” போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் பழைய தூர் எந்தப் பக்கம் என்று என் கண் தேடத்தான் செய்தது.

ஆட்டுக்கார அக்கா என் கிட்டே வந்து போனை எட்டிப் பார்த்தார். “எடுக்குறதுதான் எடுக்குற, மத்தியானத்துல இனி என் ஆடுக எந்த நெழல்ல படுக்கும்னும் அதுலயே கேட்டுச் சொல்லு.”

மிசின் நின்றது

மூன்று தூர்களையும் இருக்கிறபடி படம் எடுத்துக்கொண்டு வந்து முதலாளியிடம் காட்டினேன். “ஏம்மா, இன்னைக்குப் பாத்தா இதைக் கொண்டு வருவ?” என்று தலையில் கை வைத்தார். அந்த லோடில் பாதி ஏற்கெனவே பலகையாகி, நல்ல பலகைகளோடு கலந்து கிடந்தது. எது எந்த மரம் என்று பிரிக்க முடியாது. காலையிலிருந்து அறுத்தது மொத்தத்தையும் ஒதுக்கித் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிவிட்டு, முதலாளியே போய் மிசினை நிறுத்தினார்.

பட்டறையில் அம்புட்டு அமைதியை நான் கேட்டதே இல்லை. இழைப்பு மிசினில் நிற்கும் செல்வி அக்கா முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

“அடியே, ஒன் புள்ளைக்கும் சேத்துத்தான இந்த மிசினு ஓடுது, அது ஞாபகம் இருந்துச்சா ஒனக்கு?”

வெள்ளிக்கிழமை

மேடம் வந்தார். போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழிக்குள் நிற்கிறவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கேட்பதற்கு முன்னால் முதலாளியே தார்ப்பாயை விலக்கி, “இது கண்மாய் மரம் மேடம், தெரியாம வாங்கிட்டோம்” என்றார். மேடம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் வெயிலில் நடந்து நடந்து பேசுவதை உள்ளே இருந்து எல்லோரும் பார்த்தோம். செல்வி அக்கா என் கையைப் பிடித்திருந்தார். கோபத்திலா பயத்திலா என்று தெரியவில்லை, வலித்தது.

மேடம் திரும்பி வந்து சொன்னார்: ஒதுக்கியது எதையும் கடை எடுக்காது. மற்றதை ஏற்றலாம். அடுத்த ஆர்டர் பாதிதான், அதற்கு அவரே நேரில் வந்து தூரைப் பார்ப்பார். பாதி என்றால் ஆளுக்குப் பாதி நாள் வேலை. யாரையும் நிறுத்த வேண்டியதில்லை என்று முதலாளி சொன்ன பிறகுதான் செல்வி அக்கா கையை விட்டார். அறுக்காத கண்மாய் மரத்தை அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். பாண்டி அண்ணன் இப்போது என்னைப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறார்.

மிசின் ஓட ஆரம்பித்த சத்தத்துக்கு மேலே செல்வி அக்கா கத்தினார்: “அந்த மேடம் வரட்டுண்டி. ஒன் ஸ்கூட்டில பின்னாடி வச்சு உசிலம்பட்டி வரைக்கும் ஒரு தரம் ஓட்டிட்டு வா, அப்புறம் போட்டோவே போதும்பாங்க!”

மரத்துக்கு வாய் இல்லாததால் அதன் சார்பில் நாலு பேரிடம் திட்டு வாங்க ஓர் ஆள் தேவைப்படுகிறது, இப்போதைக்கு அந்த உத்தியோகம் அரை நாள் சம்பளத்தில் எனக்குக் கிடைத்திருக்கிறது.