எண்ணெயில் ஊறிய ரப்பர் பட்டை

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாதிக் அலி பாய் கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் பரோட்டா வீசுகிறவர் சேவுகன். இந்தத் தை மாதம் அவருடைய வலது தோள் மக்கர் பண்ணியது. கை காதுக்கு மேலே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பாய் பொறுத்துப் பார்த்தார். பிறகு திருப்பத்தூரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து கல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சேவுகனை வெங்காயம் நறுக்க உட்கார வைத்தார்.

"பங்குனித் திருவிழா வரைக்கும் பாக்குறேன் சேவுகா. கை வந்தா கல்லு ஒனக்கு. வரலைன்னா வெங்காயந்தான்."

நேற்று வரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்ட ஊர் பார்த்துக்கொண்டு போகிறது, இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். அடடா, அந்த மானக்கேடு எதிரிக்கும் வரக்கூடாது!

மனைவி வீரலட்சுமி அவரைப் பிசியோதெரபி பார்க்கும் சுஹானாவிடம் இழுத்துப் போனாள். அந்தப் பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பட்டையை எடுத்து நீட்டினாள். உள்ளதிலேயே லேசானது மஞ்சள்தானாம்.

"இருவது கிலோ மாவு பெசஞ்ச கைக்கு இந்த ரிப்பனா, டாக்டரம்மா?"

"இழுத்துப் பாருங்கண்ணே, தெரியும்."

பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் இழுக்கச் சொன்னாள். முதல் சாண் சுளுவாக வந்தது. அதற்கு மேல் ரிப்பன் முறைத்தது. சேவுகனுக்கு வேர்த்துவிட்டது. பரோட்டாக்காரப் புத்தி, இழுத்ததும் பட்டென்று விட்டார்.

"விடாதீக! இழுக்குறப்ப தசை சுருங்கி வேலை செய்யுது. திரும்புறப்ப நீண்டுக்கிட்டே வேலை செய்யுது. பட்டுனு விட்டா பாதி வேலை போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி மெதுவாக் கொண்டு வாங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஆனால் வீட்டில் பட்டை முறைக்க முறைக்க அவருக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்ன சொல்கிறது? விரியாத மாவை எண்ணெயில் ஊறப்போட்டால் விரியும். மாவுக்கு ஒரு நியாயம், ரப்பருக்கு ஒரு நியாயமா? தினமும் இரண்டு மணி நேரம் பட்டையை எண்ணெய்ச் சட்டியில் ஊறப்போட்டார். நாலே நாளில் அது குழைந்து, சொன்னபடி கேட்டது. "பாத்தியா, பதம் வந்துருச்சு!" என்று வீரலட்சுமியிடம் பீற்றிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் பட்டை நடுவில் அறுந்து மூக்கில் ஓர் அறை விட்டது. மனிதர் பின்பக்கமாகச் சாய்ந்து, இட்லிக்கு ஊறவைத்திருந்த அரிசிப் பாத்திரத்தில் உட்கார்ந்தார். வீரலட்சுமி பேசியதை இங்கே எழுத முடியாது.

சுஹானா வீங்கிய மூக்கைப் பார்த்தாள், பிசுபிசுத்த பட்டையைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எண்ணெய் பட்டா ரப்பர் இத்துப்போகும்ணே! அது மொரண்டு பிடிக்கிறதுதான் மருந்து. அதைக் குழைய வச்சுட்டா ஒங்க தசைக்கு என்ன வேலை?"

சேவுகன் பழைய பட்டையைத் தூக்கிப் போட்டார். புதுப் பட்டை வாங்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. வெங்காயம் நறுக்கி முடித்ததும் எண்ணினார், சாப்பிட உட்காருமுன் எண்ணினார். மாசி பிறந்து ஒரு வாரத்தில் மஞ்சள் போய், அதைவிட முரடான சிவப்புப் பட்டை வந்தது. பங்குனி பிறந்தபோது கை காதைத் தாண்டியிருந்தது.

திருவிழா அன்று கடையில் நிற்க இடமில்லை. திருப்பத்தூர் ஆள் ஒதுங்கி நின்றான். சேவுகன் ஓர் உருண்டையைத் தட்டி எடுத்து வீசினார். கை மேலே போனது. மாவு விரிந்து காற்றில் மிதந்தது. பழக்க தோஷம், "ஒண்ணு... ரெண்டு..." என்று அவர் வாய் எண்ணியது.

"எண்ணாம வீசுய்யா, சனம் பசியோட நிக்கிது!" என்று கத்தினார் பாய். "இனிமே கல்லு ஒன்னோடதுதான்!"

சேவுகன் அடுத்த உருண்டையை எடுத்தார். கண் கலங்கிக் கல் மங்கலாகத் தெரிந்தது. வெங்காயக் கூடையோ அடுப்படிக்கு அந்தப் பக்கம், மூலையில் உட்கார்ந்துவிட்ட திருப்பத்தூர் ஆளின் மடியில் இருந்தது.