லெக் வீட்டுத் தைலம்

புவாலைக்கு மூக்குதான் கண். யார் வீட்டில் மீன் புளிக்கிறது, யார் நேற்று எங்கே குடித்தான் என்பதையெல்லாம் தெருவில் நடந்தபடியே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் புருஷன் சம்ரான் வேறொரு தைலத்தின் வாசனையோடு வந்து நின்றால் சும்மா விடுவாளா?

அவள் காய்ச்சும் கஞ்சாத் தைலத்தில் சூடமும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். வீட்டில் செடி வைக்கலாம் என்று பாங்காக்கிலிருந்து அரசாங்க உத்தரவு வந்ததும் ஊரில் முதல் ஆளாகத் தைலச் சட்டியை அடுப்பில் ஏற்றியவள் அவள்தான். கொல்லையில் பறித்த இலையைப் பச்சையாகவே அரிந்து தேங்காயெண்ணெயில் போடுவாள். கொதித்ததும் வடிகட்டி, தேன்மெழுகைக் கரைத்து, தகர டப்பாக்களில் ஊற்றுவாள். கோழிச் சூப்பில் காலங்காலமாகப் பச்சை இலையைத்தானே போடுகிறோம், எண்ணெய்க்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்பது அவள் கட்சி.

சாயங்காலமானால் சம்ரான் வலது காலை நீட்டுவான். நாற்று நட்டே தேய்ந்த முட்டி. அவள் தேய்க்கத் தேய்க்க, "ஆகா, வலி பறந்துபோச்சுடி" என்பான். அந்த ஒரு 'ஆகா'வை நம்பித்தான் அவள் ஊர் முழுக்கத் தைலம் விற்றுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மீன் பிடிக்கப் போனவன் வெறுங்கூடையோடு திரும்பினான். கால்சட்டையில் எலுமிச்சைப்புல் வாசனை, அதற்கடியில் ஏதோ வறுத்த வாடை. அதுகூடப் பெரிதில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் சட்டென்று குந்தி உட்கார்ந்து முகம் கழுவினான். குனிவதற்கே முனகுகிற மனுஷன்!

"மீன் எங்கய்யா?"

"தண்ணி ஒரே கலங்கல்."

"மழையே இல்லாம எப்படிக் கலங்குச்சு?"

"எருமை எறங்கிடுச்சுடி. அதையும் நானா எறக்கிவிட்டேன்?"

சந்தேகம் வந்துவிட்டால் எருமையின் சாட்சியெல்லாம் எடுபடாது. மறுநாள் சந்தையில் கீரை விற்கும் லம்யையிடம் போய் நின்றாள். ஊர்வம்பு முழுக்க அவள் கூடையில்தான் இருக்கும்.

"எங்க வீட்டுக்காரரப் பாத்தியா?"

"லெக் வீட்டு வாசல்ல வண்டி நின்னுச்சே அக்கா. அடிக்கடி நிக்குது. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

லெக் என்றால் குட்டி. பிறக்கும்போது சின்னதாக இருந்த பிள்ளைக்கெல்லாம் அங்கே அதுதான் செல்லப்பெயர், ஆணோ பெண்ணோ. ஒரு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு லெக் மேல்தான் விழும். எந்த லெக் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், புருஷன் போகுமிடம் பெண்டாட்டிக்குத் தெரியாது என்று லம்யைக்குத் தெரிந்துவிடுமே! புவாலை கேட்கவில்லை. அவள் மனசில் ஒரே ஒரு லெக்தான் வந்து நின்றாள். கோயில் ரோட்டில் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்து விற்கும் லெக், புருஷனை இழந்தவள். அவள் கடையில் எந்நேரமும் மிளகாய் வறுபடும் வாடை வேறு.

நேரே அங்கே போனாள்.

"வாங்க அக்கா, மிளகாய் எத்தனை போட?" என்றாள் லெக். "அண்ணனுக்குன்னா கம்மியா போடறேன். அவருக்குத்தான் காரம் ஆகாதே."

அவனுக்குக் காரம் ஆகாது என்று இவளுக்கு யார் சொன்னது? ஊருக்கே தெரிந்த சங்கதி என்பது அந்த நேரத்தில் புவாலைக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒட்டரிசிச் சோற்றுக் கூடையைத் திறந்தாள். ஒரு உருண்டை பிடித்து அப்படியே திரும்ப வைத்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் கைவிட்டுவிடுவானோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அடுத்த தடவை அவன் கூடையை எடுத்ததும் சைக்கிளில் பின்னாலேயே போனாள். வண்டி பப்பாளிக்காய்க் கடையைத் தாண்டியது. நிற்கவில்லை. ஊர்க்கோடி மூங்கில் புதரோரம் ஒரு வீட்டில் போய் நின்றது. வேலி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

சம்ரான் முக்காலியில் காலை நீட்டியிருந்தான். முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தது தித் லெக். துறவு உடையைக் கழற்றிவிட்டு வந்தவர்களுக்குத் தித் என்று பட்டம். அந்தக் கிழவர் பேருக்குத்தான் குட்டி, தொப்பை வாசற்படி வரைக்கும் இருக்கும். பக்கத்தில் எலுமிச்சைப்புல் கட்டு, சட்டியில் கஞ்சா இலை வறுபட்டுக்கொண்டிருந்தது. அதே வாடை.

"யோவ்!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

சம்ரான் எழுந்து ஓடப் பார்த்தான். தித் லெக் காலை விடவில்லை. "வா தங்கச்சி. இலைய நெழல்ல காயவச்சு, வெறுஞ்சட்டியில லேசா வறுத்துட்டு அப்பறம் எண்ணெயில போடணும். பச்சையா போட்டா அது தைலமில்ல, சூப்பு. அதனாலதான் ஒன் டப்பா ஒரு மாசத்துல புளிச்சுப் போகுது."

புளித்தது அவளுக்கும் தெரியும். சூடத்தை அள்ளிப் போட்டு அமுக்கிவிடுவாள். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ என் தைலத்துக்கு ஒன் வலி கேக்கல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேக்கலடி."

"பொம்பளையா இருந்தா மயிரப் பிடிச்சு இழுத்துப்போட்டிருப்பேன். இந்தத் தொப்பைய எங்க பிடிச்சு இழுக்கறது? ஒன் பேச்சக் கேட்டு ஊருக்கே வித்தேனேய்யா! ஏன் பொய் சொன்னே?"

"இன்னும் வலிக்குதுன்னு சொன்னா நீ தேய்க்கறத விட்டுருவே." அவன் குரல் இறங்கியது. "மருந்துக்கு இங்க வந்தேன். ஒன் கைக்குத்தான் வீட்டுல காலை நீட்டினேன்."

புவாலை தித் லெக்கின் டப்பா ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள்.

சாயங்காலம் சம்ரான் காலை நீட்டலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றான். அவளே இழுத்து மடியில் போட்டு, புது டப்பாவைத் திறந்தாள்.

"வாயத் தெறந்தே, முட்டிய ஒடச்சுடுவேன்" என்றாள்.

அவன் திறக்கவில்லை. அவள் கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்காமல் தேய்த்தாள். வாயை இனி எப்படி நம்புவது? கொஞ்ச நேரத்தில் அவன் இமை இறங்கியது. கழுத்து சாய்ந்தது. மெல்லக் குறட்டை வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் அவள் மடியில் காலைப் போட்டு அவன் ஒரு தடவைகூட இப்படித் தூங்கியதில்லை.

குறட்டை நிஜந்தானா என்று தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்தாள்.