அரிசி போட்ட தண்டவாளம்

பொம்மை ரயிலைக் காட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிய ஆள் நான். சிரித்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தொரு வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி இருந்தது.

ஈப்போவில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் கிளையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிள்ளான் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். ஒரே ஒருவரை மட்டும் இங்கே முகப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகவும் பேச்சு அடிபட்டது. அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் வேலையோடு வந்த மருத்துவக் காப்பீட்டு மெடிக்கல் கார்டில்தான் அது ஓடியது. கிள்ளானுக்குப் போனால் அங்கே எந்த டயாலிசிஸ் மையத்திலும் அவருக்கு உடனே நாற்காலி கிடைக்காது. போகாவிட்டால் கார்டு போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான்.

யோசனை சொன்னது எங்கள் லோரி டிரைவர் அண்ணன்.

"பெரிய பாஸ் ரயில் பைத்தியம்லா, தங்கச்சி. கிள்ளான்ல அவரு ரூம் முழுக்க பொம்மை ரயிலுதான். அடுத்த மாசம் இங்க வாராரு. தீபாவளிக்கு ஆபீஸ்ல அவ்ளோ அழகா அரிசிக் கோலம் போடுறியே, ஒரு ரயிலு செஞ்சு முன்னுக்கு வச்சுப் பாரேன்."

நப்பாசை யாரை விட்டது? இணையத்தில் ஒரு சின்ன ரயிலும் தண்டவாளமும் வாங்கினேன். மீன் கடைக்காரரிடம் போலிஸ்டரின் என்கிற வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டி கேட்டு வாங்கி, கத்தியைச் சூடாக்கி அறுத்துச் சுண்ணாம்பு மலை செய்தேன். கம்பியிலும் பஞ்சிலும் ரப்பர் மரங்கள். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனைதான் நிற்கிறது. இருந்தாலும் ரப்பரையே வைத்தேன், நிரை பிடித்து, நூல் பிடித்த மாதிரி. எனக்கு வேறு விதமாக நட வரவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாள்களில் கணவர் பசை தடவிக் கொடுத்தார். அவருக்கு அதில் என்னைவிட நம்பிக்கை அதிகம்.

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி வேண்டுமே, அங்கேதான் கோட்டை விட்டேன். கோலத்துக்குச் சாயமேற்றி மிஞ்சிய அரிசி ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. அதைக் கறுப்பில் புரட்டிக் காயவைத்துப் பரப்பினேன். அசல் ஜல்லியாகவே தெரிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரயிலை வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம். பாஸ் வருவது ஒரு முறை தள்ளிப்போனது, பிறகு இன்னொரு முறை. விடாத மழை வேறு. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், தண்டவாளம் நெடுக வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"பாத்தியா, பேசெஞ்சருங்க எல்லாம் வந்துட்டாங்க!" என்று அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மறுநாள் பாஸ் வருகிறார். நான் மதியம் சாப்பிட்டுத் திரும்புவதற்குள், உதவுவதாக நினைத்து, அண்ணன் பூச்சி மருந்தை டின் தீரும்வரை அடித்துவிட்டார். வண்டு செத்தது, கூடவே மலையும் செத்தது. போலிஸ்டரினுக்கு அந்த மருந்து ஆகாதாம். மலையின் ஒரு பக்கம் உருகிப் பெரிய பள்ளமாகிக் கிடந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் திட்டினேன்.

மறுநாள் பாஸ் வந்தார். ரயிலைப் பார்க்கக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவேயில்லை. உருகிய பள்ளத்தை விரலால் தடவி, "சிம்பாங் பூலாய் பக்கம் மலையை வெட்டி எடுக்கிறார்களே, அப்படியே இருக்கிறது! எப்படிச் செய்தாய்?" என்று மலாயில் கேட்டார். பூச்சி மருந்தடித்துச் செய்தேன் என்று சொல்லவா முடியும்? வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் ஈப்போ முகப்பு வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"அதுவா? அந்த வேலை வேண்டாம் என்று போன மாதமே முடிவு செய்துவிட்டோம். உனக்குக் கடிதம் வரும்." இதைச் சொல்லும்போதும் அவர் கண் ரயிலில்தான் இருந்தது. "இதைக் கிள்ளானுக்கு அனுப்பிவிடு. முன்கூடத்தில் வைக்க இடம் இருக்கிறது."

அன்று மதியமே நான்தான் அதைப் பெட்டியில் கட்டினேன், சரக்குச் சீட்டையும் நானே எழுதினேன். உடையும் பொருள் என்று நாலு பக்கமும் ஒட்டினேன். இருபத்து மூன்று வருடப் பழக்கம், ஒரு பிழையும் வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை, பொம்மையை நம்பிய என் மேல்தான்.

சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்த கணவரைக் கூட்டிவரப் போனேன். கையில் கட்டோடு காரில் ஏறியதும் கேட்டார்.

"பாஸ் பாத்தாரா?"

"பாத்தாரு."

"என்னா சொன்னாரு?"

"ரொம்ப நல்லா இருக்குன்னாரு. கிள்ளானுக்குக் கேட்டு வாங்கிக்கிட்டாரு."

அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

"அப்ப பயமில்லலா. இனி என் நாற்காலிய யாரும் எடுக்க மாட்டாங்க" என்று சொல்லி, இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். வீடு வருவதற்குள் அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.