நிவாரணச் சமையலை மூடிய வாரம்

எங்கள் ஹெட்கிளார்க் சாரை நினைத்தால் ஒரு கரும்பலகைதான் முதலில் கண்முன் வருகிறது. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பில், ஆபீஸ் விட்டு வந்ததும் அன்று சாப்பிட வருகிறவர்களின் எண்ணிக்கையைச் சாக்பீஸால் அழுத்தி எழுதுவார். புயல்மழை பக்கத்துச் சேரியான லேபர் கேம்ப்பின் குடிசைகளைப் பிய்த்துப் போட்ட மறுநாள் இருநூற்றுப் பன்னிரண்டு. நான் சொல்லும் வாரத்தில் வெறும் நான்கு.

நாற்பதுகளின் பின்பாதி, அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். நாங்கள் ஏழெட்டுப் பேர் வீடு வீடாகப் படியேறி ஆளுக்கொரு பிடி அரிசி கேட்டு அந்தச் சமையலை நடத்தினோம். நான் சாரின் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாலையில் அங்கே பரிமாறுவேன். சமைத்தது லேபர் கேம்ப் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. குடிசை போய்ப் புருஷனோடும் இரண்டு பெண்களோடும் ஒதுங்க வந்தவள், எங்கள் சாம்பாரை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் கரண்டியை வாங்கிக்கொண்டாள். அன்று முதல் சாரும் அங்கேயே சாப்பிட்டார். பாலக்காட்டு ஐயர் சேரிப் பெண் கையால் சாப்பிடுகிறார் என்று மாட்டுங்காவில் முணுமுணுத்தார்கள். வந்தவர்களுக்குப் போடுவதைத் தானும் சாப்பிடாவிட்டால் அது பிச்சை போடுவதாகிவிடும் என்றார் அவர். தன்னை மட்டும் பலகையில் எண்ணியதே இல்லை.

ஒவ்வொரு குடும்பமாக வீடு கட்டிப் போய்விட, அக்கா குடும்பம் மட்டும் மிஞ்சியது. இராத் தங்குவது பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் என்றாள். கூரை போட்டாயிற்றா என்று சார் கேட்டால், இன்னும் இல்லை என்பாள். பள்ளி மேனேஜரோ வகுப்பறையைத் திருப்பிக் கேட்டு நெருக்கினார். சார் இரண்டு தடவை போய்க் கெஞ்சி, வாரம் வாரமாகத் தவணை வாங்கி வந்தார். அவள் குடிசையை ஒருநடை பார்த்து வந்தால் என்ன என்றேன். கஷ்டப்பட்டவர்கள் வீட்டை எட்டிப் பார்த்துச் சாட்சி தேடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மிஞ்சிய கம்பளிகளைக் கொடுக்க நான்தான் லேபர் கேம்புக்குப் போனேன். அக்காவின் குடிசைமேல் புதுத் தகரம் வெயிலில் பளபளத்தது. வாசலில் கோலம். பதினைந்து நாளாயிற்றாம்.

சாரிடம் சொன்னேன். முகம் சிறுத்துவிட்டது. அன்று மாலை கரும்பலகைப் பக்கம் போகாமல் நேரே அடுப்படிக்குப் போய் நின்றார்.

“கூரை போட்டாச்சாமே?”

அக்கா குழம்பைக் கிண்டியபடியே சொன்னாள். “போட்டாச்சுய்யா. உங்க வீட்டம்மா மக பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்காவளாம்லா. நான் வரலைன்னா நீங்க என்னத்தத் திம்பிய? அவ்வொ வார வரைக்கும்னு இருந்தேன்.”

சார் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளின் சின்னப் பெஞ்சில், முழங்கால் மார்பைத் தொட, உட்கார்ந்துவிட்டார். “உங்களுக்கு வீடில்லைன்னுதானே நான் அந்த மேனேஜர்கிட்ட கெஞ்சிண்டிருந்தேன்.”

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு சார் சிரித்தார், கண்ணில் நீர் வருமளவுக்கு. அவர் சிரித்து ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாளே மூடினோம். அண்டாக்களைத் தேய்த்து உரியவர்களிடம் சேர்த்தோம். தரையில் படிந்த கரியை அக்காவும் நானும் செங்கல் பொடி போட்டுச் சுரண்டினோம். கிளம்பும்போது அக்கா, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பொதுவில் சாப்பிட்டது வேறு. அவள் வீட்டில் போய் உட்காருவது வேறு. எங்கள் மூவருக்குமே அது தெரியும். சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எத்தனை மணிக்கு வரட்டும்?” என்றார்.

போனோம். வாசல் நிலையில் சாரின் தலை இடித்தது. பார்க்க வந்த கூட்டத்தில் வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை. அவர் ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

இன்று செம்பூரில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று மாட்டுங்கா முழுக்க அந்த ரசம்தான் பேச்சு. அடுத்த மாதம் சாரின் மனைவி வந்து இறங்கியபோது, பெட்டியை உள்ளே வைப்பதற்குள் மூன்று வீட்டார் சேதி சொல்லிவிட்டார்கள். மாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே வந்தாராம். அவர் கேட்டதைச் சாரே ஆபீஸில் எங்களிடம் பெருமையாகச் சொன்னார்:

“நாற்பது நாள் உங்களுக்குச் சாதம் போட்டிருக்கா. என்னை எப்போ அழைச்சுண்டு போகப் போறேள்?”