இடது பெடலுக்கு நூலில் வந்த அளவு

1. ஒத்தைச் சாமான்

லேத் பழக வருகிற தம்பிமார் என் ஃபோனில் இருக்கும் ஒரு படத்தைக் காட்டச் சொல்லி நச்சரிப்பார்கள். முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு சின்ன இரும்புப் பட்டை, அதில் ஒரு மரை. மரை வெட்டும் டெப் இல்லாமல் அந்த இடது மரையை எப்படி வெட்டினேன் என்றுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். சொல்கிறேன். ஆனால் மரையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து ஓடாதீர்கள், மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

பெட்ரோல் இல்லாமல் ஊர் முடங்கிக் கிடந்த காலம் அது. மாத்தளை டவுனில் திரீவீல்கள் வரிசையில் தூங்கின. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளையெல்லாம் சனம் உருட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தது. அதுவரை தேயிலை ஃபெக்டரி ஷாஃப்ட், அரிசி மில் புஷ் என்று பெரிய இரும்போடு மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். சைக்கிள் சாமான் என்றால் எங்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்.

ஒரு வியாழக்கிழமை, சைக்கிளின் இடது பெடலையும் அது பூட்டியிருக்கும் கிராங்குத் தண்டையும் உரப்பையில் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். பெயர் பெருமாள், தோட்டத்தில் வாச்சராக இருந்து ஓய்ந்தவர்.

"பாஸ், ஒரு சின்ன வேல," என்றார். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரன் எல்லாருமே பாஸ்தான். முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளி ஹாஜியார் உள்ளே மேசையில் இருந்தார்.

"மகளுக்கு எடது காலு கட்ட. பெடல் தூரமா இருக்குன்னு மிதிக்க முடியல. அலுவிகாரைல மெழுகுல வரஞ்சி பத்திக் துணி போடுற எடத்துல வேல கெடச்சிருக்குங்க. நல்லா வரைவா. திங்கக்கெழம போயி நிக்கணும். பஸ்ஸ நம்பி எப்படிங்க போறது? சைக்கிள் மட்டும் மிதிச்சிட்டான்னா போதும்."

மகள் பெயர் சுகந்தி, வயது இருபத்தாறு. பள்ளிக்கூடம் போகும் வயதில் தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சரிந்து சுவர் காலில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து இழுத்து இழுத்துத்தான் நடப்பாளாம். தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறக்கம், அதற்குப் பிறகு சமதரை. போகும்போது மிதிக்கலாம், வரும்போது மேட்டில் தள்ளிக்கொண்டு வரலாம். எல்லாவற்றையும் பெருமாள் யோசித்துத்தான் வைத்திருந்தார்.

கிராங்கை நீட்டிப் பார்த்தேன். அதன் உடம்பு ஒல்லி. நடுவில் புதிதாக ஓட்டை போட்டால் நாலு மிதியில் முறிந்துவிடும். தனியாக ஒரு பட்டை செய்து கிராங்கின் மேல் உட்காரவைத்து, பழைய பெடல் ஓட்டையில் ஒரு போல்ட், இந்தப் பக்கம் ஒரு கிளாம்ப் என்று இறுக்கி, பட்டையின் மரையில் பெடலைப் பூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் பெடல் உள்ளே வரும், அது சுற்றும் வட்டம் சின்னதாகும்.

ஹாஜியார் எழுந்து வந்து பார்த்தார். "என்ன ராமு, இந்த ஒத்தச் சாமானுக்கு லேத்தக் கட்டி வெக்க ஏலுமா? ஷாஃப்ட் வேல காத்துக் கெடக்குது." பெருமாளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, செஞ்சி குடுங்க. பாவம், புள்ள வேலைக்குப் போகட்டும்," என்றார். நல்ல மனுஷன்.

"எவ்வளவு உள்ளே வரணும்?" என்று கேட்டேன்.

"அது தெரியலயே பாஸ். புள்ள தானே வந்து காட்டுறேங்கிது. கூட்டிட்டு வரவா?"

பட்டறையில் அப்போது ஆறேழு ஆம்பிளைகள். பாதிப் பேர் சட்டை இல்லாமல், கிரீஸும் கெட்ட வார்த்தையுமாக இருந்தோம். ஹாஜியார்தான் முந்திக்கொண்டார். "அட, கொமர்ப் புள்ளய ஏன் இந்த எடத்துக்கு? ரெண்டு காலையும் நூலால அளந்துட்டு வாங்க. போதும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. "ஆமாங்க, நூல் போதும்," என்றேன். பெருமாளுக்கும் நிம்மதி. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெண்ணுக்கு மரியாதை செய்ததாகவே நினைத்தோம்.

2. மரை

வெள்ளிக்கிழமை காலையிலேயே நூல் வந்துவிட்டது. வெள்ளை நூலில் இரண்டு முடிச்சு. இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு காலுக்கு ஒரு முடிச்சு, மற்றக் காலுக்கு ஒரு முடிச்சு. இரண்டுக்கும் இடையில் ஒன்றரை அங்குலம். அதைப் பலகையில் ஆணியடித்து இழுத்துக் கட்டி, மயிரிழை அளக்கும் வேர்னியரை வைத்து அளந்தேன். நூலுக்கு வேர்னியர் வைத்த மடையன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பட்டையின் முதுகில் கிராங்க் உட்காருவதற்கான பள்ளத்தை ஷேப்பர் மெஷினில் எடுத்தேன். அது சுகமான வேலை. மரைதான் ஆளைக் கொன்றது. வலது பெடல் எல்லா நட்டையும் போல இறுகும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும், இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்று போய்விடும். அந்த அளவில் இடது டெப் எங்களிடம் இல்லை. டவுனிலும் இல்லை. கண்டிக்குப் போய்த் தேட எண்ணெய் இல்லை.

அதனால் பட்டையை லேத்தின் நாலு தாடைச் சக்கில் பிடித்து, ஓட்டையின் மையத்தைத் தட்டித் தட்டி நேராக்கி, டூலை நகர்த்தும் லீட் ஸ்குரூவைத் திருப்பி ஓடவிட்டு, உள்ளேயிருந்து வெளியே வருகிற மாதிரி டூலை ஓட்டினேன். மயிரிழை மயிரிழையாகத்தான் வெட்டலாம். ஒத்தைச் சாமானில் கை தவறினால் அடுத்த துண்டில் திருத்திக்கொள்ள முடியாது. நடுவில் கரண்ட் கட். டூலை அப்படியே விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் காவல் இருந்தேன். யாராவது வந்து சக்கைத் தொட்டால் வெட்டியிருப்பேன், மரையை இல்லை, ஆளை!

சனிக்கிழமை மத்தியானம் பெடலைக் கையாலேயே சுற்றினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆட்டம் இல்லை, இறுக்கமும் இல்லை. பக்கத்து லேத்காரன் விசிலடித்தான். ஹாஜியார் "மாஷா அல்லாஹ்" என்றார். அப்போது எடுத்த படம்தான் நீங்கள் பார்ப்பது. பெருமாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குச் சோறே இனித்தது என்றால் பாருங்கள்.

அளவு தப்பினால் மாற்றிப் பூட்ட இரண்டாவதாக ஒரு ஓட்டை போட்டால் நல்லது என்று வெட்டும்போதே ஒரு யோசனை வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்னொரு இடது மரை என்றால் இன்னொரு நாள் போகும். அளவுதான் நூலில் சரியாக வந்திருக்கிறதே, பிறகு எதற்கு? அப்படியே விட்டேன்.

3. சுகந்தி வந்தாள்

மூன்று நாலு மாதம் போயிருக்கும். பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது. பெருமாள் அந்தப் பக்கமே வரவில்லை. வேலை திருப்தி, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் ஆள் திரும்பி வராவிட்டால் நல்லது என்றுதானே அர்த்தம்?

ஒருநாள் காலையில் வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். இடது காலை இழுத்து வைத்து நேராக உள்ளே வந்தாள். லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. கையிலிருந்த ஷொப்பிங் பையிலிருந்து என் பட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். டொக் என்று சத்தம் கேட்டது.

"இதச் செஞ்சது யாரு?"

"நான்தான்மா. ஏன், மரை கழண்டுருச்சா?"

"மரைக்கு ஒண்ணும் இல்ல மாமா. மரை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மிதிக்க முடியல."

ஒரு ஸ்டூலைத் தள்ளினேன். உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி முட்டியை மடக்கிக் காட்டினாள். கொஞ்சம்தான் மடங்கியது, பிறகு கல்லு மாதிரி நின்றுவிட்டது.

"இவ்வளவுதான் மடங்கும். காலு கட்டயாங்கிறது இல்ல வெசயம். பெடல் கீழ போறப்ப எனக்கு எட்டுது. மேல வர்றப்பதான் முட்டி பூட்டிக்குது. அந்த ஞாயித்துக்கெழமையே ரோட்டுல விழுந்து உருண்டேன். ஒங்ககிட்டக் கொற சொல்ல அப்பாவுக்குக் கூச்சம், வரமாட்டேன்னுட்டாரு."

மார்க்கிங் சோக்கை எடுக்கட்டுமா என்று கேட்கக்கூட இல்லை. எடுத்தாள், சைக்கிளை என்னைப் பிடிக்கச் சொன்னாள், சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் நிறுத்தியிருந்த தகரத்தில், தன் கால் எங்கே வரைக்கும் ஏறும், எங்கே வரைக்கும் இறங்கும் என்று இரண்டு புள்ளி வைத்தாள். இறங்கி வந்து அந்த இரண்டு புள்ளியையும் தொட்டு ஒரே இழுப்பில் வட்டம் போட்டாள். காம்பஸ் இல்லை, நூல் இல்லை, வெறும் கை. நான் டிவைடரை வைத்துப் பார்த்தேன். எங்கேயும் விலகவில்லை.

பெடல் உள்ளே வர வேண்டியது ஒன்றரை அங்குலம் இல்லை, மூன்று. ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"வேலை என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நடந்து போனேன் மாமா. பத்து நாளு. ஒவ்வொரு நாளும் லேட். முட்டி வீங்கிருச்சு. பொறவு அந்த எடத்து மொதலாளி நோனா நல்லபடியாத்தான் சொன்னாங்க, கால் சொகமான பொறவு வாங்கன்னு. இப்ப என் மேசைல வேற புள்ள இருக்கு." சோக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் தேய்த்தாள். "இப்ப டவுன்ல துணிக்கடைல பில் போடுற வேல. அதுக்காவது சைக்கிள்ல போவமேன்னு வந்தேன்."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். சும்மா இருக்க மாட்டாத என் வாய், "அன்னைக்கே நீ வந்திருக்கலாமேம்மா," என்று உளறியது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் வர்றேன்னுதானே சொன்னேன். நூல் போதும்னு நீங்கதான் சொல்லி அனுப்பினீங்களாம். என் காலு மாமா. என்னய ஒருத்தரும் கேக்கலயே."

4. மூன்று ஓட்டை

புதுப் பட்டை செய்தேன். இந்த முறை மூன்று ஓட்டை, மூன்றிலும் இடது மரை, அவளுக்கு வசதியானதில் பெடலை மாற்றிப் பூட்டிக்கொள்ள. ஷாஃப்ட் வேலை கிடக்கட்டும் என்று ஹாஜியாரே சொல்லிவிட்டார். சுகந்தி தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் வந்ததால் பட்டறையில் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. சட்டை போடாதவன் சட்டை போட்டான், கெட்ட வார்த்தை பேசுகிறவன் வாயை மூடிக்கொண்டான், அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்துக்கு அஞ்சியா அவளை வரவேண்டாம் என்றோம்!

பூட்டி முடித்ததும் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். முட்டி பூட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது சுற்றில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே இரும்பு, அதே மரை, மூன்று மாதத்துக்கு முன்னாலேயே செய்திருக்கக்கூடிய சாமான். அந்த வியாழக்கிழமை "கூட்டிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கை இன்றைக்குத் துணியில் மெழுகால் வரைந்துகொண்டிருக்கும்.

தம்பிமாரே, இடது மரையைப் படித்துக்கொள்ளுங்கள், அது கை வந்துவிடும். ஆனால் யாராவது நூலோடு வந்தால் நூலை வாங்காதீர்கள். பாவிக்கப் போகிற ஆளைக் கூட்டிவரச் சொல்லுங்கள். போன மாதம் பக்கத்து நாலந்தாவிலிருந்து ஒருவர் தன் அம்மாவின் ஊன்றுகோலுக்கு அளவு எழுதிக்கொண்டு வந்தார். அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டு போனார், மறுநாள் அம்மாவோடு வந்தார். அந்த ஸ்டூல் இப்போதும் என் லேத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சுகந்தி காலையில் துணிக்கடைக்குப் போகும்போது எங்கள் வாசலில் பெல் அடித்துவிட்டுப் போவாள். நானும் கையை ஆட்டுவேன். அவளுடைய சைக்கிள் டவுன் பக்கம் திரும்பும். பத்திக் போடும் அலுவிகாரைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் போக வேண்டும்.