லேப்டாப் புதுசு, சாஃப்ட்வேர் பழசு

புரோகிராம் எழுதுகிறவர்களில் புதிது புதிதாக எழுதி முன்னேறுகிறவர்கள் ஒரு ரகம், எப்போதோ எழுதியதைக் கைவிடவும் முடியாமல் மல்லாடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம். நீங்களும் அப்படியென்றால் பக்கத்தில் உட்காருங்கள், பேசலாம்.

வில்லியனூர், பாகூர் பக்கம் சின்னச் சின்ன லேப்களிலும் மருந்துக்கடைகளிலும் நான் எழுதிக் கொடுத்த புரோகிராம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திருத்த வேண்டுமானால், எந்தச் சாஃப்ட்வேரில் எழுதினேனோ அதே பழைய சாஃப்ட்வேரைத்தான் திறந்தாக வேண்டும்.

மை ஊறிய திரை

போன மாதம் என் பழைய லேப்டாப் ஒரேயடியாக நின்றுபோனது. புதிது வாங்கி, அதில் அந்தச் சாஃப்ட்வேரை ஏற்றித் திறந்தேன். ஈரத் தாளில் மை ஊறியதுபோல எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு பட்டனைப் பிடித்து நகர்த்தினால் வழிநெடுக அதன் நிழல் வால்போல நின்றது.

மூலக்குளத்தில் என் அறைக்குப் பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் ஆரோக்கியராஜ். கூப்பிட்டுக் காட்டினேன். வேறு நாலைந்து சாஃப்ட்வேர்களைத் திறந்து பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் கீது யக்கா. உன் சாஃப்ட்வேருக்குத்தான் கண்ணு மங்கிடுச்சி."

கலைவாணியின் போன்

அன்று மத்தியானமே அரியூரிலிருந்து கலைவாணி கூப்பிட்டாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், நான் எழுதிக் கொடுத்த புரோகிராமில் ரிசல்ட் டைப் செய்கிறவள். சர்க்கரையால் பார்வை குறைந்து, ஆபரேஷன் ஆகி, அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்த இரண்டாம் நாளே ஒரு புள்ளியைத் தவறவிட்டு 1.2 என்பதை 12 என்று அடித்துவிட்டாள். டெக்னீஷியன் பார்த்துத் தடுத்ததால் ரிப்போர்ட் வெளியே போகவில்லை. முதலாளி திட்டவில்லையாம். ஒரு வாரம் பார்ப்போம், சரிப்படவில்லையென்றால் வேறு ஆள் போடலாம் என்று மெதுவாகச் சொன்னாராம். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

புரோகிராமில் எழுத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டாள். என் திரையிலேயே எழுத்து கலங்கி நிற்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. போனை வைப்பதற்கு முன் அவள் சொன்னாள்: "எனக்கு வேல தெரியும்க்கா, எழுத்துதான் தெர்ல."

ஒரு டிக்

மூன்று நாள் போராடினேன். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், திரையின் அளவை மாற்றினேன், டிரைவரைப் புதுப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் கோளாறு இன்னும் கொஞ்சம் கூடியது. கடைசியில் இண்டர்நெட்டில், யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்த இரண்டு வரிப் பதில் கிடைத்தது: சாஃப்ட்வேரின் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போ, கம்பாட்டிபிலிட்டியில் திரை அளவுக்கான பெட்டியில் டிக் அடி.

அடித்தேன். எழுத்து தெளிந்தது. பட்டனை நகர்த்திப் பார்த்தேன், வாலைக் காணோம். பதில் எழுதிய அந்த முகம் தெரியாதவருக்கு நன்றி சொல்லப் போனால், அந்தப் பக்கத்தில் இனி எதுவும் எழுத முடியாது என்றிருந்தது. நான் போட்ட சத்தம் கேட்டு வந்த ஆரோக்கியராஜ் நிதானமாக விசாரித்தார்: "அப்ப இந்த மூணு நாளும் அந்தப் பொட்டி அங்கியேதான் இருந்துச்சா?"

அரியூரில்

எழுத்தை இரண்டு மடங்காக்கி, எண்கள் விழும் கட்டங்களைத் தடிமனாக்கி எடுத்துப் போனேன். லேபின் திரை சின்னது. 'சேவ்' பட்டன் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்க, கலைவாணி என் முகத்தையே பார்க்க, அங்கேயே லேப்டாப்பைத் திறந்து கட்டங்களை நெருக்கினேன். மறுபடி ஏற்றினேன்.

கலைவாணி உட்கார்ந்து வரிசையாகப் பத்து ரிப்போர்ட் அடித்தாள். முதலாளி ஒவ்வொன்றையும் டெக்னீஷியன் எழுதிய சீட்டோடு ஒத்துப் பார்த்தார். பத்தும் சரி. அடுத்த கட்டுச் சீட்டுகளை அவள் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொட்டு மருந்து என்றாள்.

நான்கு நாள் கழித்துக் கலைவாணியிடமிருந்து மறுபடி போன். மறுபடி என்ன கோளாறோ என்று பதறி எடுத்தேன். "யக்கா, கொஞ்சம் சின்னதாக்கிக் குடுக்கா, கவுண்டர்ல நிக்கிறவங்க எல்லாம் அடுத்தவங்க சுகர படிச்சிட்டுப் போறாங்க."

நம் தொழிலில் யாரும் பாராட்ட மாட்டார்கள் என்பதால், போன புகார் போய்ப் புதுப் புகார் வந்தால் அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு டீ குடிக்கக் கிளம்ப வேண்டியதுதான்.