வயிற்றுக்குக் கைக்கடிகாரம் கட்டியவர்

ஆட்டின் இடது விலாவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, மணிக்கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கி, வினாடி முள்ளைப் பார்க்கிறார் ஹரிதாஸ். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடக்கூடாது. ஆடு மட்டும் விட்டுக்கொள்ளலாம். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஒன்று தொங்குகிறது. அதை வைத்தால் அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை, எனவே அது அலங்காரத்துக்கு. ஒரு நிமிடம் கழித்து நிமிர்ந்து, "ரெண்டு தரம் உருட்டுது. டைம் கரெக்டா போகுது" என்று தீர்ப்பு வழங்குவார். ஆடு தன் வயிறு ஓடும் நேரத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டது போல அவரைப் பார்க்கும்.

வயது அறுபத்தொன்று. பட்டணத்தில், பாச்சாங்கில் வீடு. சட்டைப் பையில் மூன்று பேனா, எழுதுவது ஒன்று. மெர்லிமாவிலிருந்து செலண்டார் வரை ஆடு வளர்ப்பவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வாசலைச் சாத்த வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும். தீவனக் கடைச் சீனர் ஒருமுறை வாய்தவறி 'டோக்டர்' என்று கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து ஹரிதாஸ் நடக்கும்போது கால் தரையில் பாவுவதில்லை.

அவர் டாக்டர் இல்லை. கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருபத்தாறு வருடம் வேன் ஓட்டியவர். அது கௌரவமான வேலை. அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வராது. அங்கே டாக்டர் ஜனகா என்ற அம்மாள் ஆடு மாடுகளின் குடலில் மெலடோனின் என்ற தூக்கச் சுரப்பைத் தேடினார். அறுப்புக்கூடத்தில் விடியற்காலை, முற்பகல், பிற்பகல் என்று நேரம் பிரித்துக் குடல் துண்டு எடுப்பார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அதைக் கொண்டுவந்து சேர்ப்பது ஹரிதாஸின் வேலை. அத்தனை வருடத்தில் அவர் ஆடுகளைச் சந்தித்ததெல்லாம் அவை செத்த பிறகுதான், அதுவும் துண்டு துண்டாக.

அந்த அம்மாள் வண்டியில் வரும்போது பொழுதுபோக்காகச் சொன்னதுதான் இவருடைய மொத்தக் கல்வி. தலைக்குள் ஊறும் மெலடோனின் இருட்டுக்காகக் காத்திருக்குமாம். குடல் தனக்கு வேண்டியதைத் தானே சுரந்துகொள்ளுமாம், அதுவும் தலையில் இருப்பதைவிடப் பல மடங்கு. இரை உள்ளே போனால் அது ஏறும். குடல் தறிகெட்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளும், உட்சுவர் புண்ணாகாமல் காக்கும். இதிலெல்லாம் பொய் ஒன்றும் இல்லை. பொய் முழுவதும் ஹரிதாஸ் இதன்மேல் கட்டிய மாடியில் குடியிருக்கிறது. அம்மாள் 'இருக்கலாம்' என்று சொன்னதையெல்லாம், வண்டி அடுத்த சந்திப்பைத் தாண்டுவதற்குள் இவர் 'இருக்கிறது' ஆக்கிவிட்டார்.

"தலையில இருக்கிறது சில்லறைக் கடை, கமலா. வயித்துலதான் கோடவுன்" என்று செலண்டார் தோட்டத்துக் கமலவேணியிடம் ஒரு நாள் விளக்கினார்.

கமலவேணிக்கு வேறு கவலை. புருஷனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்து வந்தால் கிடா வெட்டுவதாக முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். பிழைத்து வந்துவிட்டார். பூஜைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் கிடா கழிந்துகொண்டு, விலா எலும்பு தெரிய நின்றது. நோஞ்சான் கிடாவை முனி ஏற்கமாட்டார். நேர்த்தி நின்றுபோனால் புருஷனுக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஹரிதாஸ் கிடாவைப் பொறுப்பில் எடுத்தார். கண்ட நேரத்தில் மேய்வதால் குடலுக்கு நேரம் குழம்பிவிட்டதாம். காலை எட்டுக்கு ஒரு வேளை, சாயங்காலம் நாலுக்கு ஒரு வேளை, நடுவில் ஒரு இலைகூடக் கூடாது என்று உத்தரவு போட்டு, ரம்புத்தான் மரத்தில் கட்டவைத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, காதை வைத்து, நோட்டில் கோடு போட்டார். இரண்டே வாரத்தில் கழிச்சல் நின்றது, முதுகு பளபளத்தது. தன் கடிகாரம்தான் ஜெயித்தது என்று மெர்லிமாவ் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பட்டணத்து மனிதருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். நேர்ந்துவிட்ட கிடா ஒருத்தர் வீட்டுக் கிடா இல்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யார் சாப்பிட்டாலும் முதல் வாய் அதற்குத்தான். ஒன்பது மணிக்கு எதிர்வீட்டுச் சுசீலாவின் தோசை ஓரம், பதினொன்றுக்கு வாழைப்பழம், மத்தியானம் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கொறிக்கும் கெரோப்போக் வறுவல். பக்கத்து வீட்டுக் கிழவி தினமும் ஓமமும் வெல்லமும் இடித்து உருட்டிக் கொடுத்தாள். முனிக்குக் கொடுப்பதைப் போய் யாராவது வெளியாளிடம் சொல்வார்களா? ஹரிதாஸும் கேட்கவில்லை. அவர் நோட்டில் அந்தக் கிடா இரண்டு வேளை உண்டு தவம் இருந்தது.

பூஜை நாள் காலை, கிடா முரண்டு பிடிக்காமல் இருக்க ஒரு மணி நேரம் முன்னதாக இரட்டைத் தீனி போடச் சொன்னார். வயிற்றில் மெலடோனின் ஏறிவிட்டால் கிடா சாமியார் மாதிரி நிற்குமாம். டாக்டர் ஜனகா இப்படி எங்கேயும் சொன்னதில்லை. அதே காலையில், கடைசி வாய் கொடுக்க லயமே திரண்டு வந்தது. இட்லி, லட்டு, பாதித் தர்பூசணி. கிடாவின் வயிறு மத்தளம் போல ஆனது.

பூசாரி பெரியதம்பி மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் முனியின் சம்மதம். மூன்று தடவைக்குள் உதறாவிட்டால் அவிழ்த்துவிட வேண்டியதுதான், நேர்த்தி நிறைவேறாது.

முதல் தண்ணீருக்குக் கிடா ஏப்பம் விட்டது. இரண்டாவதற்குக் கண்ணை மூடி அசைபோட்டது.

"என்னப்பா டோக்டர், கெடாவுக்கு மயக்க ஊசி கிசி போட்டியா?" என்றார் பெரியதம்பி.

ஏறிய மெலடோனின் நாற்பது நிமிடத்தில் இறங்கிவிடும் என்று ஹரிதாஸ் முணுமுணுத்தார். உறுமி மேளம் நின்றுவிட்டது. கமலவேணி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒங்க கடியாரத்த வுடுங்கண்ணே" என்றாள். "இவரு உசுருண்ணே இது."

பெரியதம்பி மூன்றாவது செம்பைத் தூக்கினார். ஹரிதாஸ் சட்டென்று மண்டியிட்டார். விலாவுக்குப் போகவில்லை, தலைப்பக்கம் போனார். ஏதோ பரிசோதனை செய்வதுபோல ஒரு கையால் மறைத்துக்கொண்டு, தண்ணீர் விழுந்த அதே நொடியில், கிடாவின் காதுக்குள் வாயை வைத்து உயிரைக் கொடுத்து ஊதினார். கிடா கொம்பு முதல் வால் வரை கிடுகிடுவென்று உதறியது. உறுமி முழங்கியது, கமலவேணி மண்ணில் விழுந்து கும்பிட்டாள். ஹரிதாஸ் எழுந்து நின்றார். உதட்டில் இரண்டு கறுப்பு மயிர் ஒட்டியிருந்தன. பெரியதம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பினால் தெரிந்துவிடும். ஹரிதாஸ் மெல்ல நாக்கை நீட்டி, மயிர் இரண்டையும் உள்ளே இழுத்து விழுங்கினார்.